உள்ள ஒண்ணும் இல்ல, வா போலாம்

எந்த மிருகக்காட்சி சாலைக்குப் போனாலும் ஒரு வசனம் கண்டிப்பா காதுல விழும். கூண்டுகிட்ட வேகமா வருவாங்க, கம்பிக்குள்ள ஒரு எட்டு பாப்பாங்க, மிஞ்சிப்போனா பத்து செகண்ட், அப்புறம் "உள்ள ஒண்ணும் இல்ல, வா போலாம்"னு கிளம்பிடுவாங்க. நான் பல வருஷமா அந்த வசனத்தத்தான் வழிகாட்டியா வச்சிருக்கேன். யாராச்சும் அப்படி சொல்லிட்டுப் போற கூண்டா பாத்து அங்க போய் நின்னுடுவேன். சிங்கம் புலியெல்லாம் எங்க ஓடப்போகுது, அதுங்களுக்கு கூட்டத்துக்கும் பஞ்சம் இல்ல, ஃபோன தூக்கிப் புடிச்சுக்கிட்டு "ஏய் இங்க பாரு"ன்னு கத்துறதுக்கும் பஞ்சம் இல்ல.

இந்தப் பழக்கம் ஆரம்பிச்சது ஒரு வாசனையில. அக்கா பையன கூட்டிட்டுப் போயிருந்தேன், அவனுக்கு அப்போ ஏழு வயசு, காண்டாமிருகம் பாக்கணும்னு கைய புடிச்சு இழுத்துக்கிட்டே வர்றான். நடுவுல திடீர்னு சூடா பாப்கார்ன் வாசன. வெண்ணெய் போட்டு வறுத்த மாதிரி. பையன் உடனே "மாமா பாப்கார்ன்"னு நின்னுட்டான். நானும் கடை எங்கடா இருக்குன்னு சுத்திமுத்தி பாக்குறேன், கடையே இல்ல, ஒரு மரம் நிறைய கிளை வச்ச கூண்டு மட்டும்தான் இருக்கு, போர்டுல பிண்டுராங்னு போட்டிருக்கு. உள்ள பாத்தா ஒண்ணும் தெரியல. பையன் சொன்னான் பாருங்க அதே வசனம், "உள்ள ஒண்ணும் இல்ல மாமா, வா போலாம்". ஆனா வாசன மட்டும் அங்கதான் இருக்கு, ரெண்டடி தள்ளிப்போனா குறையுது, திரும்பி வந்தா ஏறுது. நாய் மாதிரி மோப்பம் புடிச்சுக்கிட்டு நாங்க ரெண்டுபேரும் அந்த கம்பிய ஒட்டி நடக்குறோம். கடைசில பையன்தான் கண்டுபுடிச்சான், மேல கிளையோட கிளையா கருப்பா ஒரு பழைய கம்பளிய மடிச்சுப் போட்ட மாதிரி கிடந்துச்சு, அதுல இருந்து ஒரு வால் மட்டும் தொங்கி கிளைய ஒரு சுத்து சுத்தியிருந்துச்சு.

அந்த வாசன அதோட மூத்திரம்ங்க. ஆமா. பையன்கிட்ட சொன்னப்ப அவன் சிரிச்ச சிரிப்புக்கு பக்கத்துல போனவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. 2016ல 33 பிண்டுராங்கோட மூத்திரத்த எடுத்து ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டிருக்காங்க, எல்லாத்துலயும் டூ-அசிட்டைல்-ஒன்-பைரோலின்னு ஒரு பொருள் இருந்துச்சு, பாப்கார்ன் பொரியும்போது வர்ற வாசனையும் பாசுமதி அரிசி வாசனையும் அதே பொருள்தான். பாப்கார்ன்ல அது வரணும்னா நல்ல சூடு வேணும், இது சூடே இல்லாம எப்படி பண்ணுதுங்கறதுதான் அவங்களுக்கே ஆச்சரியம், பாக்டீரியா வேலையா இருக்கலாம்னு நினைக்கிறாங்க. மூத்திரம் போகும்போது கால்லயும் வால்லயும் நனைஞ்சு, அப்புறம் அது நடக்குற கிளையெல்லாம் ஒட்டி, "இந்தப் பக்கம் நான் இருக்கேன்"னு மத்த பிண்டுராங்குக்கு ஒரு தகவல் போயிடும். நமக்கு அது சினிமா தியேட்டர் இடைவேளை. புனுகுப்பூனை குடும்பத்துல வர்ற பிராணி, பாத்தா கரடியும் பூனையும் கலந்த மாதிரி இருக்கும், ஊனுண்ணி வரிசையில இருந்துக்கிட்டு பெரும்பாலும் பழம் திங்கும், முக்கியமா அத்திப்பழம், காட்டுல அந்த விதையெல்லாம் பரப்புறதுல இதுக்கு பெரிய பங்கு இருக்கு. வாலால கிளைய புடிக்கிற ஊனுண்ணி உலகத்துலயே ரெண்டே ரெண்டுதான், இது ஒண்ணு, தென் அமெரிக்கா பக்கம் இருக்குற கிங்கஜூ இன்னொண்ணு.

அன்னைக்கு காண்டாமிருகத்த கடைசி அஞ்சு நிமிஷத்துல ஓடிப்போய் பாத்தோம். பையன் அத பத்தி வீட்ல ஒரு வார்த்த பேசல. மூத்திரம்தான் பேச்சு, ஒரு வாரம். அக்கா என்ன திட்டினா.

இந்த மாதிரி வினோதமான பாலூட்டிங்க மேல எனக்கு ஏன் இவ்ளோ இஷ்டம்னு யோசிச்சிருக்கேன். அழகுன்னு சொல்லிட முடியாது, சிலது பாக்க சகிக்காது. பாலூட்டினா நாமளும் அந்தக் கூட்டம்தானே, ரத்தம் சூடு, உடம்புல முடி, குட்டிக்கு பால், எலும்புக்கூட்ட வச்சுப் பாத்தா நம்ம கையில இருக்குற அதே எலும்புதான் அதுங்க கையிலயும். அதே சாமான்கள வச்சு இவ்ளோ கோணலா ஒண்ணு செஞ்சிருக்கு பாருன்னு தோணும்போது தூரத்துச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போன மாதிரி ஒரு ஃபீலிங். மீனு, பூச்சியெல்லாம் இதவிட வினோதமா இருக்கும், ஆனா அது வேற ஊரு வேற ஜனம்.

உதாரணத்துக்கு ஐ-ஐ. மடகாஸ்கர் தீவுல மட்டும் இருக்குற லெமூர் வகை. ஒரு வெளிநாட்டு ஜூல ராத்திரி விலங்குகளுக்குன்னு தனி கட்டடம் இருந்துச்சு, அங்கதான் முதல் தடவையா பாத்தேன். இந்தக் கட்டடத்துல எல்லாம் பகல ராத்திரியாவும் ராத்திரிய பகலாவும் மாத்தி வச்சிருப்பாங்க, நாம போற நேரத்துல உள்ள மங்கலா ஒரு சிவப்பு லைட் மட்டும்தான், அதுங்களுக்கு நடுராத்திரி. வெயில்ல இருந்து நேரா உள்ள போறவங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது, கண்ணாடில மூக்க வச்சுட்டு அடுத்த கதவு வழியா வெளிய போயிடுவாங்க. இருட்டுக்கு கண்ணு முழுசா பழக இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும், பத்து நிமிஷம் பேசாம நின்னாலே பாதி படம் தெரிய ஆரம்பிச்சிடும். இத யாரும் போர்டுல எழுதி வைக்க மாட்டேங்கறாங்க, அதுதான் என் கோவம்.

நான் நின்னேன். முதல்ல சத்தம்தான் வந்துச்சு. டொக்டொக்டொக்டொக்னு ரொம்ப சன்னமா, நகத்தால மேசைய தட்டுற மாதிரி. அப்புறம் ரெண்டு பெரிய காது தெரிஞ்சுச்சு, தோல் காது, வௌவால் மாதிரி, அப்புறம்தான் மூஞ்சி. அது ஒரு கட்டைய புடிச்சுக்கிட்டு நடு விரலால தட்டுது, தட்டிட்டு காத கட்டைகிட்ட குனிச்சு வைக்குது, ரெண்டு அங்குலம் நகருது, திரும்ப தட்டுது. டாக்டர் நெஞ்சுல விரல வச்சு தட்டிப் பாப்பார்ல, அச்சு அசல் அதேதான். உள்ள புழு குடைஞ்ச பொந்து இருந்தா சத்தம் மாறும். மாறின இடத்துல பல்ல வச்சு ஓட்ட போடும், அணில் எலிக்கு இருக்குற மாதிரி வளந்துக்கிட்டே இருக்குற முன்பல்லு. ஓட்ட போட்டதும் அந்த நடு விரல உள்ள விட்டு புழுவ கொக்கி போட்டு எடுத்துடும். அந்த விரல் இருக்கே, எலும்பும் தோலுமா கம்பி மாதிரி, மத்த விரலுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, அடி மூட்டு நம்ம தோள் மூட்டு மாதிரி எந்தப் பக்கமும் சுத்தும். வேல இல்லாதப்ப அந்த விரல் மட்டும் குளிர்ந்து கிடக்கும், தட்ட ஆரம்பிச்சா 6 டிகிரி வரைக்கும் சூடு ஏறும்னு அளந்து பாத்திருக்காங்க. மடகாஸ்கர்ல மரங்கொத்தி கிடையாது, அந்த வேலை காலியா இருந்துச்சு, ஒரு குரங்கோட ஒண்ணுவிட்ட சொந்தம் போய் அந்த சீட்ல உக்காந்துக்கிச்சு, அவ்ளோதான் கதை.

இத முதல்ல பாத்த ஐரோப்பாக்காரங்க 1788ல அணில் வகையில சேத்துட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது. ஊர்க்காரங்க சில பேரு இத அபசகுனம்னு நினைச்சு பாத்த இடத்துலயே கொன்னுடுவாங்க, அந்த விரலால ஒருத்தர சுட்டிக்காட்டினா அவருக்கு சாவுன்னு ஒரு நம்பிக்க. பாவம், அது புழு தேடுது. 2022ல இன்னொரு கூத்து வெளிவந்துச்சு, அமெரிக்காவுல டியூக் லெமூர் சென்டர்ல ஒரு ஐ-ஐ அந்த விரல முழுசா மூக்குக்குள்ள விட்டு, எடுத்து, நக்கிச்சு. வீடியோவே இருக்கு. விரல் கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர் நீளம், மூக்கு வழியா உள்ள போனா தொண்டை வரைக்கும் போகும்னு ஸ்கேன் எடுத்து படம் போட்டு காட்டியிருக்காங்க. மூக்கு நோண்டுறதுக்கு இவ்ளோ பெரிய ஆராய்ச்சியான்னு கேக்காதீங்க, நாம ஏன் நோண்டுறோம்ங்கறதுக்கே இன்னும் சரியான பதில் இல்ல.

ராத்திரி பிராணின்னதும் தேவாங்க சொல்லாம விட முடியாது. நம்ம பாஷையில இந்தப் பிராணிக்கு நேர்ந்த அநியாயம் வேற எதுக்கும் நேரல. ஒல்லியா இருந்தா தேவாங்கு, முழிச்சா தேவாங்கு, "ஏன்டா தேவாங்கு மாதிரி முழிக்கிற"ன்னு கேட்டவங்கள்ள எத்தன பேரு நிஜ தேவாங்க பாத்திருப்பாங்க சொல்லுங்க. நான் காட்டுல ஒரே ஒரு தடவ பாத்திருக்கேன். இரவு கணக்கெடுப்புக்குப் போனவங்க கூட ஒட்டிக்கிட்டுப் போனேன், எல்லாரும் தலையில சிவப்பு லைட் கட்டியிருந்தாங்க, வெள்ள லைட் அதுங்க கண்ணுக்கு கூசும். ரெண்டு மணிநேரம் நடந்து கொசுக்கடி வாங்கினதுதான் மிச்சம்னு நினைச்சப்ப முன்னாடி போனவர் கைய தூக்கினார். முள்ளுப் புதருக்குள்ள ரெண்டு ஆரஞ்சு கங்கு, பக்கத்துல பக்கத்துல. அசையல. அப்புறம் அந்த ரெண்டு கங்கும் ஒரே சீரா, ஒரு இலை கூட ஆடாம, இடதுபக்கம் நகர ஆரம்பிச்சுச்சு. குச்சி மாதிரி ஒரு கை இருட்டுக்குள்ள இருந்து வந்து கிளைய புடிச்சுச்சு, அப்புறம் கால், அப்புறம் அடுத்த கை. அத்தன முள்ளுக்கு நடுவுல சட்டை கூட கிழியாம நடக்குறதுன்னா அப்படித்தான் நடக்கணும். ஒரு நிமிஷம் இருக்கும், தலைய திருப்பிச்சு, கங்கு அணைஞ்சுச்சு, போச்சு. என் வாழ்க்கையில பாத்த புலியெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடு இல்ல, பெருமைக்கு சொல்லல, புலிய ஜீப்ல உக்காந்து பத்து ஜீப்புக்கு நடுவுல பாத்தா அப்படித்தான் இருக்கும். கரூர் திண்டுக்கல் எல்லையில கடவூர் காட்ட 2022ல தேவாங்குக்குன்னே சரணாலயமா அறிவிச்சாங்க, கிட்டத்தட்ட 11,800 ஹெக்டேர். திட்டுறதுக்கு மட்டும் பயன்பட்ட பேருக்கு ஒரு சரணாலயம்.

இதோட சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கான், தென்கிழக்கு ஆசியா பக்கம், ஸ்லோ லோரிஸ்னு. நெட்ல ஒரு வீடியோ சுத்திக்கிட்டே இருக்கும், கிச்சுக்கிச்சு மூட்டினா ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு கண்ண உருட்டும், கீழ எல்லாரும் சோ க்யூட்னு ஹார்ட் போட்டிருப்பாங்க. அது ரசிக்கலீங்க. குரங்கு மனுஷன் எல்லாம் சேந்த அந்த வரிசையிலயே விஷம் உள்ள இனம் இதுதான், முழங்கைகிட்ட ஒரு சுரப்பி இருக்கு, அந்தச் சாறும் எச்சிலும் கலந்தாதான் விஷம் ஆகும், அதனால பயந்தா கைய தலைக்கு மேல தூக்கி சுரப்பிய வாய்க்கு பக்கத்துல கொண்டு வரும். கடிக்க ரெடியாகுதுன்னு அர்த்தம். கடிக்க பல்லு இருக்காது, விக்கிறவங்க முன்னாடியே நறுக்கி விட்டுருப்பாங்க. இது தெரிஞ்சப்புறம் அந்த வீடியோவ என்னால பாக்க முடியல. 2007லயே இதுங்கள வச்சு பன்னாட்டு வியாபாரம் பண்றத தடை பண்ணியாச்சு, வீடியோ மட்டும் நிக்கல.

பிளாட்டிபஸ் கதை எல்லாருக்கும் தெரியும், வாத்து மூக்கு, நீர்நாய் உடம்பு, முட்டை போடும். எனக்கு அந்தப் பிராணிய விட அத நம்ப மறுத்தவங்க மேல ஒரு பாசம். 1799ல ஜார்ஜ் ஷான்னு பிரிட்டிஷ் மியூசியம்காரர் அத முறைப்படி விவரிச்சு எழுதினார், எழுதும்போதே இது நிஜமான்னு சந்தேகம் வராம இருக்க முடியலன்னு அவரே ஒத்துக்கிட்டார். ஏதோ கில்லாடி வாத்து அலக தோல்ல வச்சு தச்சிருக்கான்னு நினைச்சு தையல் தேடினதா சொல்லுவாங்க. தையல் இல்லன்னு ஒருவழியா நம்பினாங்க, அடுத்த சண்டை முட்ட போடுமா போடாதா, அது தீர 1884 ஆகிடுச்சு. ஆஸ்திரேலிய பூர்வகுடிங்க இத ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டிருந்தாங்க, யாரும் காதுல போட்டுக்கல. சரி முட்டைதானேன்னு பாத்தா வயித்துல இரைப்பையே கிடையாது, பாலுக்கு காம்பு கிடையாது, தோல்ல வேர்வ மாதிரி கசியும் குட்டி நக்கிக்கும், ஆணுக்கு பின்னங்கால்ல விஷ முள்ளு, ஆணா பொண்ணான்னு நிர்ணயிக்கிற குரோமோசோம் நமக்கு ரெண்டு அதுக்கு பத்து. தண்ணிக்குள்ள போனா கண்ணு காது மூக்கு மூணையும் மூடிக்கும், அப்புறம் அலகுல இருக்குற சுமார் 40,000 உணர்விய வச்சு இறாலு புழுவோட தசையில ஓடுற துளி மின்சாரத்த புடிச்சு வேட்டையாடும். 2020ல இது அல்ட்ரா வயலட் லைட்ல நீலப் பச்சையா மினுங்குதுன்னு வேற கண்டுபுடிச்சாங்க. போதும்டா சாமி.

ஜூல வைக்க இதுமாதிரி ஒரு தலைவலி கிடையாது. 1943ல ரெண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டிருக்கும்போதே சர்ச்சிலுக்கு பரிசா ஒண்ண கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க, பேரு கூட வின்ஸ்டன்தான், ஊர் போய் சேரல, வழியிலயே செத்துப்போச்சு. 2019ல ரெண்ட அமெரிக்காவுல சான் டியேகோ சஃபாரி பார்க்குக்கு கொண்டு வந்தாங்க. மத்தபடி பாக்கணும்னா ஆஸ்திரேலியாதான், அதுவும் விடியக்காலைல ஆத்தங்கரைல அசையாம உக்காரணும்.

ஓகாபி முன்னாடி நான் நின்ன நேரம் ஒரு மணிநேரத்துக்கு மேல. வரிக்குதிரை சொந்தம்னு நினைச்சு ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போனவங்கதான் அதிகம், போர்ட படிச்சா ஒட்டகச்சிவிங்கியோட ஒரே உயிரோட இருக்குற நெருங்கின சொந்தம்னு போட்டிருக்கும். காங்கோவோட வடகிழக்குல இட்டூரி மழைக்காட்டுல இருக்கு. அங்க வாழ்ற ம்பூட்டி மக்களுக்கு தலைமுறை தலைமுறையா தெரிஞ்ச மிருகம், வெளியுலகத்துக்கு தெரிஞ்சது 1901ல. அவ்ளோ பெரிய உருவம், இருநூறு கிலோவுக்கு மேல, எப்படிய்யா தெரியாம போச்சுன்னு நினைப்போம். நான் பாத்த ஜூல வேலிக்கு அந்தப்பக்கம் மரம் செடியெல்லாம் நல்லா அடர்த்தியா வளத்திருந்தாங்க, அது வெயில்ல நிக்கும்போது சாக்லேட் கலர் வெல்வெட் மாதிரி மின்னுச்சு, பின்னங்கால்ல வெள்ளக் கோடு பளீர்னு. நாலு அடி உள்ள போச்சு, அவ்ளோதான், உடம்பு நிழலாயிடுச்சு, கோடெல்லாம் இலை வழியா விழுற வெளிச்சமாயிடுச்சு. பாத்துக்கிட்டே இருந்த எனக்கே எங்க நிக்குதுன்னு தெரியல. பக்கத்துல வந்த ஒருத்தங்க அவங்க பாஷையில என்னமோ சொல்லிட்டுப் போனாங்க, எனக்கு அந்த பாஷ தெரியாது, என்ன சொல்லியிருப்பாங்கன்னு மட்டும் தெரியும்.

கொஞ்ச நேரத்துல அது வெளிய வந்து வேலியோரமா நின்னு நாக்க நீட்டுச்சு. கருநீலம். ஒரு முழத்துக்கு கொஞ்சம் கம்மி இருக்கும், இலைய சுத்தி உருவிச்சு, அப்புறம் சாவகாசமா அதே நாக்கால கண்ண தொடச்சுக்கிச்சு, காதுக்குள்ளயும் விட்டு ஒரு சுத்து. குட்டி போட்டா அந்தக் குட்டி பொறந்து ஒரு மாசத்துக்கு மேல மலமே கழிக்காதாம், சிறுத்தை வாசன புடிச்சு வந்துடக்கூடாதுன்னு புதருக்குள்ள மறைஞ்சு கிடக்கும். தாயும் குட்டியும் பேசிக்கிறது நம்ம காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில. 2012 ஜூன்ல ஆயுதம் வச்ச கும்பல் ஒண்ணு எபுலுல இருக்குற ஓகாபி காப்பகத்த தாக்கி ஆளுங்களையும் கொன்னு அங்க வளத்துக்கிட்டிருந்த 14 ஓகாபியையும் கொன்னுட்டாங்க. ஜூல நான் பாத்தது என்னைய ஏறெடுத்தும் பாக்காம இலை தின்னுக்கிட்டு இருந்தப்ப இந்த விஷயம் எனக்கு தெரியாது, வீட்டுக்கு வந்து படிச்சதுதான். தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருப்பேனோ என்னமோ.

அம்மண எலி பத்தி ரெண்டு வார்த்த. முடி இல்லாத, சுருங்கின, வேக வச்ச விரல் மாதிரி ஒரு ஐட்டம், முன்னாடி நாலு பல்லு உதட்டுக்கு வெளிய. கிழக்கு ஆப்பிரிக்காவுல மண்ணுக்கடியில கூட்டமா வாழுது, எறும்பு தேனீ மாதிரி ஒரே ராணி, அவ மட்டும்தான் குட்டி போடுவா, மத்ததெல்லாம் வேலைக்காரங்க. கண்ணாடிக் குழாய் வச்சு காட்டுவாங்க, பாக்க ஆரம்பிச்சா சீரியல் மாதிரி, விட முடியாது. ரெண்டு பேரு எதிரும் புதிருமா குழாய்க்குள்ள வந்தா ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறித்தான் போகணும், ராணி வந்தா மட்டும் மத்தவன் கீழ. முன்னாடி ஓடுற வேகத்துலயே பின்னாடியும் ஓடும். எலி சைஸ்ல இருக்குற பிராணி 30 வருஷத்துக்கு மேல வாழுது, புத்துநோய் வர்றது ரொம்ப அபூர்வம், ஆக்ஸிஜனே இல்லாம 18 நிமிஷம் தாக்குப்புடிச்சதா 2017ல எழுதியிருக்காங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தனி கீச்சு பாஷ உண்டு, ராணி செத்தா பாஷையே குழம்பிடுதாம். அக்கா பையனுக்கு இது புடிக்கல, "உவ்வே"ன்னுட்டான். எல்லாமே புடிக்கணும்னு இல்ல.

காட்டுல பாக்குறதுக்கும் ஜூல பாக்குறதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, பாக்காமலே இருக்குறது. சாவோலான்னு ஒரு மான் மாதிரி பிராணி, வியட்நாம் லாவோஸ் மலையில, 1992லதான் வேட்டைக்காரங்க வீட்ல இருந்த கொம்ப வச்சு இப்படி ஒண்ணு இருக்குன்னே கண்டுபுடிச்சாங்க, இன்னைக்கு வரைக்கும் எந்த விஞ்ஞானியும் காட்டுல நேர்ல பாத்தது கிடையாது, காட்டுல கட்டி வைக்கிற தானியங்கி கேமராவுல கடைசியா படம் விழுந்தது 2013ல. நியூ கினியாவுல சைக்ளோப்ஸ் மலையில ஒரு நீள மூக்கு எக்கிட்னா, பிளாட்டிபஸ் மாதிரியே முட்டை போடுற முள்ளு பிராணி, டிவில இயற்கைப் படம் காட்டுற டேவிட் அட்டன்பரோவோட பேர இதுக்கு வச்சிருக்காங்க, 1961ல புடிச்ச ஒரே ஒரு உடம்ப வச்சுத்தான் விஞ்ஞானத்துக்கு தெரிஞ்சிருந்துச்சு. 2023ல ஒரு குழு போய் வாரக்கணக்கா மலையேறி கேமரா கட்டி, கிளம்புற கடைசி நாள்ல கடைசி மெமரி கார்ட போட்டு பாத்தா, அதுலயும் கடைசியா இருந்த படங்கள்ல, முள்ளு முதுகோட மூக்க நீட்டிக்கிட்டு நடந்து போகுது. அந்தக் கார்ட கம்ப்யூட்டர்ல போடுறதுக்கு முன்னாடி யாராச்சும் ஒருத்தர் "இதுலயும் ஒண்ணும் இருக்காது"ன்னு சொல்லியிருப்பாங்கன்னு நான் பந்தயம் கட்டுறேன்.

ஜூ வேணுமா வேணாமான்னு கேட்டா எனக்கு ஒரே பதில் இல்ல. ஒரு இடத்துல ஒரு கரடி பன்னெண்டு எட்டு போய் திரும்பி, பன்னெண்டு எட்டு வந்து, அதே இடத்துல அதே மாதிரி தலைய சிலுப்பி, நான் இருந்த இருபது நிமிஷமும் அதையே பண்ணிக்கிட்டு இருந்துச்சு, தரையில அதோட தடம் சிமெண்ட்ல வழவழன்னு தேஞ்சு கிடந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப்பக்கம் போகல. இன்னொருபக்கம் அழுங்கு, அதான் எறும்புத்தின்னி, அத எடுத்துக்கோங்க. உடம்பு முழுக்க செதில் உள்ள ஒரே பாலூட்டி, நம்ம நகம் எதால ஆனதோ அதே பொருள்தான் அந்தச் செதில், அதுக்காகத்தான் கடத்தி கொல்றாங்க. மொத்தம் எட்டு வகை, எட்டுக்கும் 2016ல பன்னாட்டு வியாபாரத் தடை போட்டாச்சு. ஜூல இது நிலைக்கவே நிலைக்காது, எறும்பும் கரையானும் விட்டா வேற தின்னத் தெரியாது, வயிறு கெட்டு செத்துடும். தைபே ஜூக்காரங்க பல வருஷம் மெனக்கெட்டு தீனிக் கலவைய மாத்தி மாத்தி ஒருவழியா புடிச்சுட்டாங்க, அங்க இருந்து ரெண்டு பிராக் ஜூவுக்கு போச்சு, 2023 பிப்ரவரில அங்க ஒரு குட்டி பொறந்துச்சு, ஐரோப்பாவுலயே முதல் தடவ. இந்த மாதிரி வேலைய பாத்தா ஜூ மேல இருக்குற கோவம் கொஞ்சம் இறங்குது.

அப்புறம் மூ டெங். தாய்லாந்துல காவ் கியோ ஜூல 2024 ஜூலைல பொறந்த குட்டை நீர்யானை, வழுக்கலா, கோவக்காரியா, எல்லாரையும் கடிக்க வர்ற அந்த வீடியோவ பாக்காதவங்க இருக்க முடியாது. நானும் நூறு தடவ பாத்திருப்பேன், மறைக்க என்ன இருக்கு. ஆனா நேர்ல போனவங்க சில பேரு அது தூங்குதுன்னு பொருள் தூக்கி அடிச்சு எழுப்பியிருக்காங்க, ஜூக்காரங்க ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம்தான்னு கட்டுப்பாடு போட வேண்டியதாப்போச்சு. குட்டை நீர்யானை பகல்ல தூங்குற பிராணிங்க. தூங்குறதுதான் அதோட ஷோ.

பையனுக்கு இப்ப பதினோரு வயசு. போன மாசம் திரும்ப அதே ஜூவுக்கு கூட்டிட்டுப் போனேன், இந்தத் தடவ அவன் நேரா பிண்டுராங் கூண்டுக்குத்தான் போனான். நானும் போய் நின்னேன். ஒவ்வொரு கிளையா பாத்தோம், கம்பளி மூட்ட எதுவும் இல்ல, வால் எதுவும் தொங்கல, மேல மரப்பெட்டி ஒண்ணு இருந்துச்சு, அதுக்குள்ள இருக்கும்னு முடிவு பண்ணி காத்திருந்தோம். அரை மணிநேரம். நாலஞ்சு குடும்பம் வந்து பாத்துட்டு நம்ம வசனத்த சொல்லிட்டு போச்சு, பையன் ஒவ்வொரு தடவையும் என்னப் பாத்து ஒரு நமட்டுச் சிரிப்பு சிரிச்சான், பாவம் இவங்களுக்கு தெரியாதுங்கற மாதிரி. அப்புறம் தொடப்பத்தோட ஒரு ஊழியர் வந்தார், எங்கள பாத்து நின்னார்.

"தம்பி, என்ன தேடுறீங்க? அத நேத்து சாயங்காலமே பின்னாடி கூண்டுக்கு மாத்தியாச்சு. உள்ள ஒண்ணும் இல்ல."

எனக்கு வெக்கமாப்போச்சு. பையன் கம்பிகிட்ட மூஞ்சிய வச்சு ஆழமா ஒரு இழுப்பு இழுத்தான்.

"இல்லண்ணே, இருக்கு."

அவரும் குனிஞ்சு மோந்து பாத்தார்.